ஆசை விட்டுப்போன எலெக்ட்ரிக் கிடார்: அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

வாங்கிய புதிதில் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருந்த கிடார் இப்போது பீரோ இடுக்கில் தூசி படிந்து நிற்கிறது. எப்போதாவது எடுத்தாலும் ஐந்து நிமிடத்தில் திரும்ப வைத்துவிடத் தோன்றுகிறது. நமக்கு ஆர்வம் போய்விட்டது என்று தாங்களே முடிவு கட்டி, விற்பனைக்குப் போட்டுவிடுகிறவர்கள் உண்டு. அந்தக் கிடாரை வாங்கிப் பிரித்துப் பார்க்கிறவருக்குத் துருப்பிடித்த கம்பி, உயர்ந்துபோன நட் (தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் காடி போட்ட குட்டிப் பட்டை), வளைந்த நெக் (கழுத்து) என்று கதை வேறு மாதிரி இருக்கும். கை நோகிற வாத்தியத்தை யாரும் விரும்பி எடுப்பதில்லை. விற்பதற்கு முன் ஒரு சனிக்கிழமை மதியத்தை இதற்கு ஒதுக்குங்கள்.

இங்கே சொல்வதெல்லாம் ஸ்ட்ராடோகாஸ்டர் வகைக் கிடாரை மனதில் வைத்து: 25.5 அங்குல ஸ்கேல் (நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை கம்பியின் நீளம்; பிரிட்ஜ் என்பது உடல் பக்கம் கம்பிகளைத் தாங்குவது), சிங்கிள் காயில் பிக்கப் (கம்பி அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்), வாமி பார் (பிரிட்ஜை ஆட்டிச் சுரத்தை அசைக்கும் கைப்பிடி). லெஸ் பால் வகைக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

கையில் இருக்க வேண்டியவை: 9-42 அளவில் (மெல்லிய கம்பி 0.009 அங்குலம், தடித்தது 0.042) புதுக் கம்பி ஒரு செட், டியூனர் (ஃபோன் ஆப் போதும்), கேப்போ (எல்லாக் கம்பியையும் ஒரே இடத்தில் அழுத்திப் பிடிக்கும் கிளிப்), சாடிலுக்கும் (பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பியையும் தாங்கும் குட்டித் துண்டு) ட்ரஸ் ராடுக்கும் (நெக்கின் வளைவைச் சரிசெய்ய உள்ளே ஓடும் இரும்புக் கோல்) சரியாகப் பொருந்தும் ஆலன் கீ, சின்ன ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், 2பி பென்சில், கான்டாக்ட் கிளீனர், மாஸ்கிங் டேப், மூன்று பழைய ஏடிஎம் கார்டு. கார்டு எதற்கு என்றால், எந்த வங்கியுடையதாக இருந்தாலும் அதன் தடிமன் 0.76 மி.மீ. தான். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) இல்லாத வீட்டில் அதுதான் அளவுகோல். எண்கள் புடைத்திருக்கும் பகுதியை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

முதல் சோதனை: குறை கிடாரிலா, வாசிப்பிலா?

நல்ல நிலையில் இருக்கும் வேறொரு எலெக்ட்ரிக் கிடாரை, நண்பரிடமோ கடையிலோ, பத்து நிமிடம் வாசியுங்கள். புதிதாக எதுவும் வேண்டாம், வழக்கமாக வாசிப்பதையே வாசியுங்கள். ஆம்பில் செருகாமல்தான். கடையின் பெரிய ஆம்பில் எந்தக் கிடாரும் இனிக்கும், அதை நம்பக் கூடாது. பத்து நிமிடம் உங்களை அறியாமல் இருபதாக நீண்டால் உங்கள் ஆர்வம் பத்திரமாகத்தான் இருக்கிறது, கோளாறு வீட்டுக் கிடாரில். அங்கேயும் மூன்றாம் நிமிடத்தில் அலுத்தால், நேராக "அதே நாலு துண்டு" என்ற பகுதிக்குப் போய்விடலாம்.

அடுத்து உங்கள் கிடாரை ஆம்ப் இல்லாமல் வாசித்துப் பாருங்கள். அப்போதே எரிச்சல் வந்தால் கம்பி, நெக், நட் பக்கம் தேடுங்கள். செருகிய பிறகுதான் எரிச்சல் என்றால் கேபிள், ஆம்ப், வயரிங் பக்கம்.

எந்த முடிவுக்கும் வருவதற்கு முன் கம்பியை மாற்றிவிடுங்கள். செத்த கம்பி எல்லா நோயையும்போல நடிக்கும். டியூன் நிற்காது, சத்தம் மங்கும், விரல் வழுக்காது, இன்டொனேஷன் (மேலே போகப் போகவும் சுரம் சரியாக நிற்பது) பொய் சொல்லும். ஆயிரம் ரூபாய்க்குள் முடிகிற வேலை இது. சென்னை, தூத்துக்குடி, நாகை மாதிரி உப்புக்காற்று ஊர்களில் கம்பி இன்னும் சீக்கிரம் கறுக்கும். விரலை அடியில் விட்டு, ஃப்ரெட் (நெக்கில் குறுக்கே பதித்த உலோகப் பட்டி) மேல் படும் பக்கத்தைத் தடவிப் பாருங்கள். சொரசொரப்பு அங்கேதான் முதலில் தெரியும்.

அறிகுறி: எடுக்கவே தோன்றவில்லை

பழுதுகளிலேயே சின்னது, ஆனால் அதிகம் பேரைப் பிடிப்பது. பீரோ மேலிருந்து பையை இறக்கி, ஜிப் திறந்து, கட்டிலுக்கு அடியிலிருந்து ஆம்பை இழுத்து, ஸ்பைக் பஸ்டரில் ஃபோன் சார்ஜரைப் பிடுங்கி இடம் பண்ணி, கேபிள் தேடி, டியூன் பண்ணி முடிக்கக் கால் மணி நேரம். வேலை விட்டு வந்த களைப்பில் அந்தக் கால் மணி நேரம்தான் மொத்தமாகவே கிடைக்கிறது.

ஸ்டாண்டோ சுவர் கொக்கியோ வாங்கி, நீங்கள் தினமும் உட்காரும் இடத்திலிருந்து கை எட்டும் தூரத்தில் வையுங்கள். ஆம்புக்குத் தனி பிளக் பாயின்ட் கொடுத்துவிடுங்கள். மழை அடிக்கும் வெளிச்சுவர், வெயில் விழும் ஜன்னல், ஏசி காற்று நேராக அடிக்கும் இடம் மூன்றும் வேண்டாம். நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு போட்ட கிடார் என்றால் ஸ்டாண்டில் இருக்கும் ரப்பர் அந்தப் பூச்சைக் கரைத்துக் கறை படுத்தும். ரப்பர் மேல் பருத்தித் துணி சுற்றுங்கள். ஆக்டிவ் பிக்கப் (பேட்டரியில் ஓடும் பிக்கப்) கிடார் என்றால் வாசித்து முடித்ததும் கேபிளை உருவிவிட வேண்டும். செருகியே இருந்தால் உள்ளே 9 வோல்ட் பேட்டரி ஓடிக்கொண்டே இருக்கும்.

அறிகுறி: விரல் வலி, கை தளர்ச்சி, பென்ட் (கம்பியைப் பக்கவாட்டில் தள்ளிச் சுரம் ஏற்றுவது) ஏறவில்லை

ஆர்வத்தை அதிகம் தின்பது இதுதான். பழக்கம் விட்டுப்போச்சு, விரல் காய்ப்பு போய்விட்டது என்று பழியை விரல் மேல் போட்டுவிடுகிறோம். காய்ப்பு இரண்டு மூன்று வாரத்தில் திரும்ப வந்துவிடும். உயர்ந்த கம்பி தானாக இறங்காது.

வரிசை முக்கியம்: முதலில் நெக், பிறகு சாடில், கடைசியில் நட். மாற்றிச் செய்தால் ஒன்றைச் சரிசெய்யும்போது இன்னொன்று கெடும்.

நெக்: கிடாரை டியூன் செய்து, முதல் ஃப்ரெட்டில் கேப்போ போடுங்கள். தடித்த ஈ கம்பியை நெக் உடலோடு சேரும் இடத்தில் அழுத்திப் பிடியுங்கள். இப்போது கம்பி ஒரு நேர்கோடு. 7, 8-ஆம் ஃப்ரெட் மேல் கம்பிக்கு அடியில் சுமார் 0.25 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும், அதாவது ஒரு விசிட்டிங் கார்டு லேசாக உரசிப் போகிற அளவு. ஏடிஎம் கார்டே நுழைந்தால் நெக் முன்னால் வளைந்திருக்கிறது. ட்ரஸ் ராடை வலஞ்சுழியாக இறுக்குங்கள். இடைவெளியே இல்லாமல் கம்பி ஃப்ரெட்டில் படிந்தால் இடஞ்சுழியாகத் தளர்த்துங்கள். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் கூடாது. திருப்பியதும் மறுபடி டியூன் செய்து, மறுபடி அளந்து பாருங்கள். சாவி தொளதொளவென்று இருந்தால் திருகவே வேண்டாம், ட்ரஸ் ராடின் திருகு முனை மழுங்கிவிடும். இறுக்கமாக நின்று முனகினாலும் நிறுத்திவிட்டு, கிடார் வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள். இந்த வழிமுறையில் பணத்தை நிஜமாகவே வீணாக்கக்கூடிய இடம் இது ஒன்றுதான்.

சாடில்: கேப்போவை எடுத்துவிடுங்கள். 12-ஆம் ஃப்ரெட் மேல் மெல்லிய ஈ கம்பிக்கு அடியில் இரண்டு கார்டு (1.5 மி.மீ.) உரசாமல் நுழைய வேண்டும். தடித்த ஈ கம்பிக்கு 2 மி.மீ. வரை விடலாம். மூன்று கார்டு (2.3 மி.மீ.) சும்மா நுழைந்தால் உயரம் அதிகம். சாடிலின் இரண்டு குட்டித் திருகையும் சமமாக இறக்குங்கள். ஆசியத் தயாரிப்புகளில் பெரும்பாலும் 1.5 மி.மீ. சாவி, அமெரிக்க ஃபெண்டரில் 0.05 அங்குலச் சாவி. இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், மாற்றிப் போட்டால் திருகு கெட்டுவிடும். இறக்கிய பிறகு எல்லா ஃப்ரெட்டிலும் ஒவ்வொரு சுரமாக வாசித்துப் பாருங்கள். ஆம்பில் கேட்காத லேசான உராய்வுச் சத்தம் பரவாயில்லை. பழைய 7.25 அங்குல ரேடியஸ் நெக்கில் (ஃப்ரெட்போர்டு குறுக்குவாட்டில் அதிகம் வளைந்தது) ரொம்ப இறக்கினால் மேல் ஃப்ரெட்டுகளில் பென்ட் பண்ணும்போது சுரம் நடுவிலேயே செத்துப்போகும்.

ஒரே ஒரு ஃப்ரெட்டில் மட்டும் கம்பி அதிர்ந்தால் சாடிலைக் குறை சொல்லாதீர்கள். ஏடிஎம் கார்டின் விளிம்பை மூன்று ஃப்ரெட் மேல் மட்டும் படும்படி நிறுத்தி ஆட்டிப் பாருங்கள். நட் பக்கம் கார்டின் நீள விளிம்பு, மேல் ஃப்ரெட்டுகளில் குட்டை விளிம்பு. கார்டு சீசா மாதிரி ஆடினால் நடு ஃப்ரெட் உயர்ந்திருக்கிறது. அதைத் தட்டி உட்கார வைப்பதும் ராவுவதும் கைத்திறன் வேலை, தெரிந்தவரிடம் விடுங்கள்.

நட்: இதை யாரும் பார்ப்பதில்லை. எஃப் கோர்டு (chord, பல சுரங்களைச் சேர்த்துப் பிடிப்பது) மட்டும் கொல்கிறது, மேலே போனால் சுகமாக இருக்கிறது என்றால் குற்றவாளி நட்தான். கம்பியை 2, 3-ஆம் ஃப்ரெட்டுகளுக்கு நடுவில் அழுத்தி, முதல் ஃப்ரெட் மேல் பாருங்கள். கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவில் ஒரு தாள் நுழையும் அளவு இடைவெளி போதும். அதற்கு மேல் இருந்தால் விரல் தேவையில்லாமல் அழுத்துகிறது. அதோடு முதல் மூன்று ஃப்ரெட்டில் எல்லாச் சுரமும் கூர்மையாக ஏறிவிடும். சரியாக டியூன் செய்தும் சி கோர்டு கசக்கிறதே என்று காது வருந்துவதற்கு இதுதான் காரணம். நட்டில் கம்பி உட்காரும் காடியை ஆழப்படுத்தத் தனி அரம் வேண்டும். சாண்ட்பேப்பரை மடித்துச் செய்தால் காடி அகன்று, கம்பி தாழ்ந்து, திறந்த கம்பி (விரல் வைக்காமல் வாசிப்பது) இரையும். பிறகு நட்டையே மாற்ற வேண்டி வரும்.

இவ்வளவுக்கும் பிறகும் கை வலித்தால் கம்பி அளவைப் பாருங்கள். 10-46 செட்டின் மொத்த இழுவிசை சுமார் 46 கிலோ, 9-42 செட்டுக்கு சுமார் 38 கிலோ. தடித்த கம்பிதான் ஆண்பிள்ளைக் கம்பி என்கிற பேச்சைக் கேட்க வேண்டாம். எல்லாக் கம்பியையும் அரைச் சுரம் இறக்கி டியூன் செய்வதும் ஒரு வழி, இழுவிசை 11 சதவீதம் குறையும்.

பென்ட் பண்ணும்போது மணல் மேல் இழுப்பதுபோல் இருந்தால் ஃப்ரெட் மங்கியிருக்கிறது. கம்பியைக் கழற்றி, ஃப்ரெட்போர்டு மரத்தை மாஸ்கிங் டேப்பால் மூடி, 0000 எண் ஸ்டீல் வுல்லால் ஃப்ரெட்டைத் தேயுங்கள். பிக்கப்பையும் முழுக்க டேப் போட்டு மூடுவது கட்டாயம். இரும்புத் தூள் காந்தத்தில் போய் ஒட்டினால் வெளியே வராது. ரோஸ்வுட் ஃப்ரெட்போர்டு வறண்டிருந்தால் கடையில் விற்கும் ஃப்ரெட்போர்டு எண்ணெய் ரெண்டு சொட்டு. வீட்டுத் தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளானால் காறி, பிசுக்கு ஏறும்.

அறிகுறி: டியூன் நிற்பதில்லை

ஒரு பாட்டு வாசிக்க மூன்று தடவை டியூன் செய்ய வேண்டி வந்தால் நல்ல வாசிப்பாளரும் கிடாரைக் கீழே வைத்துவிடுவார். பெரும்பாலும் கம்பியை முறுக்கும் தலைப்பக்கத் திருகாணிகளை மாற்றச் சொல்லித்தான் அறிவுரை வரும். திருகாணிதான் கெட்டது என்பது அபூர்வம்.

டியூன் செய்யும்போது "டிக்" என்று சத்தம் வந்து சுரம் தாவுகிறதா? கம்பி நட் காடியில் மாட்டிக்கொள்கிறது. நட்டுக்கும் திருகாணிக்கும் நடுவே கம்பியை விரலால் அழுத்தி விடுங்கள். சுரம் ஏறி அப்படியே நின்றால் நோய் உறுதி. கம்பியைத் தளர்த்தி, காடியில் 2பி பென்சில் முனையைத் தேய்த்துத் தூள் படிய வையுங்கள். லெஸ் பால் வகையில் டி, ஜி கம்பிகள் நட்டிலிருந்து பக்கவாட்டில் வளைந்து போவதால் இந்தத் தொல்லை அங்கே கூடுதல்.

கம்பி மாற்றிய முதல் நாள் டியூன் இறங்கிக்கொண்டே போனால் அது பழுதல்ல. 12-ஆம் ஃப்ரெட் அருகே ஒவ்வொரு கம்பியையும் மெதுவாக மேலே தூக்கி இழுத்து, டியூன் செய்து, இறங்காதவரை திரும்பச் செய்யுங்கள். திருகாணியில் இரண்டு மூன்று சுற்று போதும். ஏழெட்டுச் சுற்று சுற்றினால் அந்தச் சுருள்தான் நழுவிக்கொண்டே இருக்கும்.

வாமி பாரைத் தொட்டால் எல்லாம் கெடுகிறது என்றால், அதை நிஜமாகவே பயன்படுத்துகிறீர்களா என்று உங்களையே கேளுங்கள். இல்லை என்றால் பின்மூடியைத் திறந்து, ஸ்பிரிங் மாட்டியிருக்கும் தகட்டின் இரு திருகையும் பிரிட்ஜ் உடலில் படியும்வரை இறுக்குங்கள். பாதித் தலைவலி அன்றே தீரும். பார் வேண்டும் என்றால், பிரிட்ஜ் தகட்டின் பின்விளிம்பு உடலிலிருந்து 3.2 மி.மீ. உயரத்தில் மிதக்கும்படி திருகுகளைச் சமன் செய்யுங்கள். கம்பி அளவை மாற்றும் ஒவ்வொரு முறையும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும்.

திறந்த கம்பி சரி, 12-ஆம் ஃப்ரெட்டில் தப்பு என்றால் இன்டொனேஷன். அழுத்திய 12-ஆம் ஃப்ரெட் சுரம் அதே இடத்தில் கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கை விட ஏறியிருந்தால் சாடிலை நெக்கிலிருந்து விலக்குங்கள், இறங்கியிருந்தால் நெக் பக்கம் நகர்த்துங்கள். இதைப் புதுக் கம்பியில்தான் செய்ய வேண்டும். எவ்வளவு நகர்த்தியும் மேல் ஃப்ரெட்டில் தடித்த கம்பிகள் ஒரு மாதிரி அலைந்தால் பிக்கப் ரொம்ப மேலே இருக்கிறது, காந்தம் கம்பியைப் பிடித்து இழுக்கிறது. கடைசி ஃப்ரெட்டில் கம்பியை அழுத்திக்கொண்டு பிக்கப்புக்கும் கம்பிக்கும் நடுவே மூன்று கார்டு நுழையும் அளவுக்கு இறக்குங்கள்.

அறிகுறி: சத்தம் செத்துக் கிடக்கிறது

ப்ளூடூத் ஸ்பீக்கரிலோ ஹெட்ஃபோனிலோ கேட்டுக்கொண்டு வாசிக்கிறீர்களா? நிறுத்துங்கள். சாதாரண ப்ளூடூத்தில் ஒலி 100 மில்லி விநாடிக்கு மேல் தாமதமாக வரும், அதாவது 34 மீட்டர் தள்ளி நிற்கும் ஆம்பைக் கேட்டு வாசிப்பதற்குச் சமம். கை தாளத்தை விட்டு நழுவும். நமக்குத் தாளமே போய்விட்டதோ என்று சந்தேகம் வரும். வயர் ஹெட்ஃபோன் போடுங்கள். கம்ப்யூட்டரில் ஆடியோ இன்டர்ஃபேஸ் வைத்திருந்தால் தாமதத்தைக் குறைக்க ஏசியோ (ASIO) டிரைவரும் 128 சாம்பிள் பஃபரும் வையுங்கள். கிடாரை மைக் இன்புட்டில் செருகாமல் இன்ஸ்ட்ருமென்ட் இன்புட்டில் செருகுங்கள். மாற்றிச் செருகினால் பிக்கப்பின் மேல்சுரமெல்லாம் அமுங்கிப் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும்.

டிஸ்டார்ஷன் பெடலை நேராக இன்டர்ஃபேஸில் செருகி ஈ மொய்க்கும் சத்தம் வருகிறதா? கிடார் ஸ்பீக்கர் சுமார் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வருவதை வெட்டிவிடும், இன்டர்ஃபேஸ் வெட்டாது. கிடார் ஸ்பீக்கர் பெட்டியைப்போல நடிக்கும் கேபினெட் சிமுலேஷன் போட்டால் தீரும்.

சின்ன ஆம்ப் வைத்திருப்பவர்கள் கெய்னைப் (சத்தத்தைக் கரகரப்பாக்கும் குமிழ்) பாதியாகக் குறைத்து, நடு அதிர்வைக் (மிட்) கூட்டுங்கள். படுக்கையறையில் தனியாக வாசிக்கும்போது மிட் குறைத்த சத்தம் பெரிதாகத் தோன்றும், பாட்டோடு சேர்ந்து வாசித்தால் காணாமல் போகும். ஆம்பைத் தரை மூலையிலிருந்து எடுத்து நாற்காலி மேல் வையுங்கள். மூலையில் கும்மென்று இருந்த பேஸ் அடங்கி, சத்தம் காலுக்குப் போகாமல் காதுக்கு வரும். பத்து மீட்டர் மலிவுக் கேபிளுக்குப் பதில் மூன்று மீட்டர் நல்ல கேபிள். நீளம் கூடக் கூடக் கெபாசிட்டன்ஸ் ஏறி மேல்சுரம் தேயும்.

அறிகுறி: இரைச்சல், கரகரப்பு, சுருக்கென்று ஷாக்

கம்பியைத் தொட்டால் சுருக்கென்று உறைக்கிறதா? உடனே நிறுத்துங்கள். எர்த் இல்லாத பிளக் பாயின்ட்டோ, இரண்டு பின் லேப்டாப் சார்ஜரோ காரணமாக இருக்கலாம். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் சோதிக்கும்வரை ஆம்பைச் செருக வேண்டாம். இரைச்சல் குறைகிறதே என்று மூன்றாவது பின்னை ஒடிப்பது உயிரோடு விளையாடுவது.

கம்பியைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் அது இயல்பு. சிங்கிள் காயில் பிக்கப் 50 ஹெர்ட்ஸ் கரண்ட் அதிர்வைப் பிடிக்கத்தான் செய்யும். ஃபேன் ரெகுலேட்டர், எல்ஈடி டிம்மர், சார்ஜர் பக்கத்திலிருந்து தள்ளி, முகத்தைத் திருப்பி உட்கார்ந்து பாருங்கள். வால்யூம் குமிழ் கரகரத்தால் உள்ளே கான்டாக்ட் கிளீனர் அடித்து முப்பது தடவை முழுதாகத் திருப்புங்கள். ஜாக் (கேபிள் செருகும் துளை) ஆடினால் அதன் வெளித் திருகு வளையத்தை மட்டும் திருகாதீர்கள், உள்ளே வயர் முறுக்கி அறுந்துவிடும். தகட்டைக் கழற்றி, ஜாக்கைக் கையால் பிடித்துக்கொண்டு இறுக்குங்கள்.

அறிகுறி: எல்லாம் சரி, ஆனால் அதே நாலு துண்டு

இப்போது கிடார் குற்றமற்றது. கை எடுத்ததும் 5-ஆம் ஃப்ரெட்டில் அதே பென்டடானிக் பெட்டிக்குப் (ஐந்து சுர வரிசையின் பழகிய விரல் வடிவம்) போகிறது, பத்து வருடம் முன் பழகிய அதே லிக் (குட்டி இசைத் துண்டு) வருகிறது. விரலுக்குத் தெரிந்த வழியை அடைத்தால்தான் வேறு வழி திறக்கும்.

ஐந்து கம்பியை மறந்துவிட்டு ஒரே கம்பியில் வாசியுங்கள். நாலாவது கம்பியான டியைத் திறந்த நிலையில் சட்ஜமாக வைத்துக்கொண்டால் மாயாமாளவகௌளை இப்படி வரும்: ச திறந்த கம்பி, ரி 1, க 4, ம 5, ப 7, த 8, நி 11, மேல் ச 12. தம்புரா ஆப்பை டியில் வைத்து, சரளி வரிசையை முதல் காலத்தில் வாசியுங்கள். பெட்டி வடிவம் எதுவும் கைகொடுக்காததால் காது விழித்துக்கொள்ளும். அடுத்த வாரம் ரிஷபத்தைத் திறந்த கம்பியிலிருந்து வழுக்கியும், காந்தாரத்தை 1-இலிருந்து ஏற்றியும் பாருங்கள். ஃப்ரெட் வாத்தியத்தில் கமகம் வராது என்று யாராவது சொன்னால், எலெக்ட்ரிக் மாண்டலினைக் கச்சேரி மேடையில் உட்காரவைத்த யு. ஸ்ரீனிவாசும், கிடாரில் கர்நாடக இசை வாசிக்கும் பிரசன்னாவும் அதற்குப் பதில்.

கர்நாடகம் உங்கள் பக்கமில்லை என்றால், பிடித்த திரைப்பாட்டில் கிடார் பகுதியை விட்டுவிட்டுப் பாடகர் வரியை மூச்சு விடும் இடம் உட்பட எடுங்கள். டேப் (tab, ஃப்ரெட் எண்களால் எழுதிய குறிப்பு) பார்க்காமல் காதால். நாலு வரிக்கு ஒரு மாலை ஆகும், அது நல்ல மாலை.

பெடல் விமர்சன வீடியோ பார்க்கும் நேரம் வாசிக்கும் நேரத்தைத் தாண்டிவிட்டதா? ஒரு வாரம் ஒரே பிக்கப், ஒரே சத்தம், டோன் குமிழைத் தொடுவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதத்தில் இரண்டு தடவையாவது இன்னொருவரோடு வாசியுங்கள். கஹோன் (மேலே உட்கார்ந்து தட்டும் மரப்பெட்டி) தட்டத் தெரிந்த பக்கத்து வீட்டுப் பையன் போதும். எதிரில் ஒருத்தர் தாளம் பிடிக்கும்போது அந்தப் பழைய நாலு துண்டுக்கே புது உயிர் வரும்.

எதற்கும் அசையவில்லை என்றால்

சிலருக்குக் கிடார்தான் ஒத்துவரவில்லை. நாலு கிலோவுக்கு மேல் எடையுள்ள உடல் தோளை அழுத்தலாம், கேட்கிற இசை மெட்டலிலிருந்து மெலடிக்கு மாறியிருக்கலாம், ஃப்ளாய்டு ரோஸ் (கம்பிகளைப் பூட்டி வைக்கும் வாமி அமைப்பு) பூட்டோடு மல்லுக்கட்டவே பொறுமை போயிருக்கலாம். மாற்றிக்கொள்வதில் குற்றமில்லை. விற்கும்போது புதுக் கம்பி போட்டு, ஃப்ரெட் பள்ளம் தெரியும்படி கிட்டத்தில் எடுத்த படமும் சேர்த்துப் போடுங்கள். வாங்க வருபவர் எப்படியும் அதைத்தான் முதலில் பார்ப்பார்.

இப்போதைக்கு விற்க மனமில்லை என்றால் கம்பியை முழுக்கக் கழற்றாமல் ஒரு சுரம் மட்டும் இறக்குங்கள். பேட்டரி இருந்தால் எடுத்துவிடுங்கள். ஈரமில்லாத துணியால் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு, கேஸில் படுக்க வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் ஒருமுறை திறந்து பொட்டலத்தை மாற்றுங்கள். மூடுவதற்கு முன் ஒரு துண்டுச் சீட்டில் கம்பி அளவு, 12-ஆம் ஃப்ரெட் உயரம், நெக் இடைவெளி மூன்றையும் தேதியோடு எழுதிக் கேஸுக்குள் போட்டுவிடுங்கள்.